ஊரிலிருந்து ஆச்சியும் தாத்தாவும் வரும்போது

என் அப்பாவும் அம்மாவும் அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் தடவையாகச் சென்னைக்கு வந்து பத்து நாள் தங்கியபோது, நான் ஒரு தாளில் பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். வண்டலூர், மெரினா, மாமல்லபுரம், காஞ்சிபுரம், எழும்பூர் மியூசியம், ஒரு மால். மூன்றாம் நாள் மாமல்லபுரத்தில், ஐந்து ரதங்களுக்கு எதிரே ஒரு மரத்தடியில் அப்பா உட்கார்ந்துவிட்டார். "நீங்க பாத்துட்டு வாங்க, நான் செருப்பைப் பாத்துக்கிடுதேன்" என்றார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றவே இல்லை. திரும்பும் வழியில் திருவான்மியூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "சைதாப்பேட்டையில ஒங்க பெரியத்தை வீட்டுக்கு என்னைக்குல போறோம்?"

பெரியத்தை அவருடைய அக்கா. அப்போது வயது எண்பத்திரண்டு. என் பட்டியலில் அவர் வீடு இல்லை.

ஊர் பார்க்க வருகிறோம் என்று வாய் சொன்னாலும் வயதானவர்கள் ஆள் பார்க்கத்தான் வருகிறார்கள். கடற்கரையும் கோயிலும் இரண்டு வீடுகளுக்கு நடுவே வழியில் வருபவை. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பயணத்திட்டத்தில் பாதி தானாக அமைந்துவிடும். ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே போன் செய்து, யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். "ஒருத்தரையும் பாக்க வேண்டாம், பிள்ளைகள் மொகத்தைப் பாத்தாப் போதும்" என்று பதில் வரும். நம்பாதீர்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள், அதுவும் இருவரையும் தனித்தனியாக. அப்பாவின் பட்டியலில் அம்மாவின் தாய்மாமன் மகன் இருக்கமாட்டார். அம்மா சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லவும் மாட்டார்.

எப்போது, எதில்

பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதம். அக்கினி நட்சத்திரம் ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. அந்தக் கத்திரியில் எழுபது தாண்டியவர்களைச் சென்னை வெயிலில் அலைய விடக்கூடாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. எங்கள் அனுபவத்தில் அரையாண்டு விடுமுறை தொடங்கும் டிசம்பர் கடைசி வாரம்தான் சரி. ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் அவர்கள் கிளம்பத் தயாராகிவிடுவார்கள், பொங்கலை ஊர் வாசலில்தான் இடவேண்டும். அதைத் தடுத்துப் பேசாதீர்கள்.

தேதி முடிவு செய்யும்போது வயலையும் மாட்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் அப்போது பிசான நெல் வயலில் நிற்கும். தண்ணீர் பார்க்கவும் மாட்டுக்குத் தீவனம் வைக்கவும் ஆள் சொல்லிவிட்டு வந்தால்தான் மனம் இங்கே இருக்கும். இல்லாவிட்டால் காலையிலும் மாலையிலும் ஊருக்குப் போன், "பசு தண்ணி குடிச்சுதா?"

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் 1 வரை 120 நாளாக இருந்தது. பழைய ஞாபகத்தில் முன்னமே தேடி இல்லை என்று விட்டுவிடவும் வேண்டாம், கடைசி வாரம் வரை தள்ளவும் வேண்டாம். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. லோயர் பெர்த் ஒதுக்கீடு மட்டும் உண்டு: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் இந்த ஒதுக்கீட்டில் எடுக்க முடியாது. அழைத்து வர நீங்களோ பேரனோ போகிறீர்கள் என்றால் உங்கள் டிக்கெட்டைத் தனியாக எடுங்கள். ஒரே டிக்கெட்டாக எடுத்து, முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கு மிடில் பெர்த் வந்து, ராத்திரி பத்து மணிக்கு நான் பெட்டி பெட்டியாகக் கெஞ்சிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து இரவு வண்டியா, 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத்தா என்று கேட்பார்கள். வந்தே பாரத் காலையில் கிளம்பி எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூர் வந்துவிடும். ஆனால் அவ்வளவு நேரமும் காலைத் தொங்கப்போட்டு உட்காரவேண்டும். கால் வீங்குகிறவர்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த்தே மேல். ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறவர்களுக்குப் பகல் வண்டி. வீடு தெற்குப் பக்கம் இருந்தால் தாம்பரத்தில் இறங்கச் சொல்லுங்கள். செங்கல்பட்டு தாண்டியதும் பைகளை வாசல் பக்கம் நகர்த்த ஆரம்பித்துவிட வேண்டும். ஒரிஜினல் ஆதார் சட்டைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் மூன்றாவது வேட்டிக்கு அடியில் அல்ல.

வீடு

படுக்கையறையை ஒழிப்பது, புதுத் தலையணை, இவையெல்லாம் நீங்களே செய்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது குளியலறை.

வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று உள்ளே, ஒன்று வாசலில். சுவரில் கைப்பிடி. வெஸ்டர்ன் டாய்லெட். ஒரு பிளாஸ்டிக் முக்காலி, உட்கார்ந்து குளிக்க. ஒரு வாளி, ஒரு செம்பு. உங்கள் ஷவர் அவர்களுக்கு வேண்டாம். ஹீட்டர் குழாயில் எந்தப் பக்கம் திருகினால் சுடுதண்ணீர் என்று சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். படுக்கையிலிருந்து அங்கே போகும் வழியில் சின்ன விளக்கு விடிய விடிய எரியட்டும். வழியில் கிடக்கும் பேரனின் சைக்கிள், மடங்கிய தரைவிரிப்பு, சார்ஜர் ஒயர் மூன்றையும் அகற்றிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குப் புது வீட்டின் இருட்டில்தான் இடுப்பு எலும்பு முறிகிறது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னாலும் போடுவார்கள், அதனால் வெளியிலிருந்து திறக்க முடியுமா என்று முன்னமே பார்த்து வையுங்கள்.

மாத்திரைகள் தங்கும் நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு வரவேண்டும். சீட்டை நீங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களோடு வெளியே போகும்போது பையில் மிட்டாயோ குளுக்கோஸோ கட்டாயம் இருக்கவேண்டும். மருந்து போட்டுவிட்டு, "ஓட்டல்ல எடம் கிடைக்கட்டும்" என்று ஒரு மணி நேரம் காத்திருப்பதுதான் ஆபத்து. அவசரத்துக்கு 108 எல்லாருக்கும் தெரியும். ஆனால் நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது அப்பாவுக்கு உங்கள் வீட்டு முகவரியைச் சொல்லத் தெரியுமா? பிளாட் எண், தெரு, பக்கத்து அடையாளம், உங்கள் எண் எல்லாவற்றையும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி சட்டைப்பைக்கு ஒன்று, போன் பக்கத்தில் ஒன்று.

ஊரில் நாலரை மணிக்கு எழுகிறவர்கள் இங்கும் நாலரைக்கு எழுவார்கள். நீங்கள் ஏழுக்கு எழும்வரை இருட்டில் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். பால் எங்கே, காப்பித்தூள் எங்கே, அடுப்பு பற்றவைப்பது எப்படி, லிஃப்டில் எந்தப் பொத்தான் என்பதை முதல் நாள் மாலையே காட்டிவிடுங்கள். வாசல் சாவியை ஒரு கயிற்றில் கோத்து அப்பாவிடம் கொடுங்கள். மறுநாள் காலை டீக்கடையைக் கண்டுபிடித்து, அங்கே தென்காசிக்காரர் ஒருவரையும் கண்டுபிடித்து, அவர் கொடுத்த ஓசிப் பேப்பரோடு எங்கள் அப்பா திரும்பி வந்தார்.

வேலை கொடுங்கள். விருந்தாளி மாதிரி சோபாவில் உட்காரவைத்து டிவியைப் போட்டுவிட்டால் நாலாம் நாள் "ஊருக்குப் போகணும்" என்பார்கள். கீரை ஆயட்டும், பள்ளிப்பேருந்து நிற்கும் இடத்துக்குப் பேத்தியைக் கூட்டிப் போகட்டும். என் மனைவி முதலில் தயங்கினாள், மாமியாரை வேலை வாங்குகிறாள் என்று பேர் வரும் என்று. இரண்டாம் வாரம் அம்மாவே, "அடுப்படி எனக்கு, ஆபீஸ் ஒனக்கு" என்று பிரித்துவிட்டார்.

எங்கே போவது

ஒரு இடத்தை முடிவு செய்யுமுன் மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை படி, எங்கே உட்காரலாம், கழிப்பறை எவ்வளவு தூரம். ஒரு நாளில் ஒரு இடம், அதுவும் காலையில். பதினொன்றரைக்குள் வீட்டுக்கோ சாப்பாட்டுக்கோ வந்துவிட வேண்டும். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான் என்பதும் இதற்கு ஒத்துவரும்.

மாமல்லபுரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதில்லை, பார்க்கும் முறையை மாற்றினால் போதும். காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். முதலில் அர்ஜுனன் தபசு. சாலையோரத்திலேயே இருக்கிறது, டிக்கெட்டும் இல்லை, நடையும் இல்லை. யானைகளுக்குப் பக்கத்தில் தவம் நிற்கும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் தேடும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விடுங்கள். தாத்தாவுக்குக் கதை சொல்ல அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. வெண்ணெய்த் திரட்டுப் பாறையைக் கீழே நின்று பார்த்தால் போதும். அடுத்து, தபசுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தலசயனப் பெருமாள் கோயில். இது முக்கியம். கடற்கரைக் கோயில் ராஜசிம்மன் காலத்தது, 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது என்று நாம் எவ்வளவு சொன்னாலும், விளக்கேற்றாத கோயில் எங்கள் அம்மாவுக்குக் கோயில் இல்லை. பூசை நடக்கிற ஒரு சந்நிதியில் துளசியும் தீர்த்தமும் வாங்கிக்கொண்டபின் அதே அம்மா கடற்கரைக் கோயிலில் அரை மணி நேரம் நின்று பார்த்தார். தொல்லியல் துறையின் ஒரே டிக்கெட் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் செல்லும், நம்மவர்களுக்கு 40 ரூபாய். ரதங்களுக்குத் தெம்பு இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அதே ஈ.சி.ஆர் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவை நான் முதலிடத்தில் வைப்பேன். 1996இல் திறந்த இடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்: செட்டிநாட்டு வீடு, கேரள வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, நெல்லைப் பக்கத்து அக்ரகார வீடு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. உட்காரத் திண்ணைக்குக் குறைவில்லை. மாமல்லபுரத்தில் மரத்தடியில் உட்கார்ந்துவிட்ட அதே அப்பா இங்கே எங்களுக்கு முன்னால் நடந்தார். ஒரு வீட்டில் கதவு கீல் இல்லாமல் மரக்குமிழிலேயே சுழல்வதை என் மகனிடம் காட்டி, கதவை நாலு முறை திறந்து மூடி, "கேக்குதா? எங்க அய்யா ராத்திரி லேட்டா வந்தா இந்தச் சத்தத்துலதான் பிடிபடுவாரு" என்றார். முப்பது வருஷத்தில் அவருடைய அப்பாவைப் பற்றி எனக்கு அவர் சொன்ன முதல் குறும்பு அதுதான். அது கூட என்னிடம் சொல்லவில்லை, பேரனிடம்.

மெரினாவுக்குப் போனால் அலைவரை நடப்பது சிரமம், மணல் அவ்வளவு அகலம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022இல் போட்ட மரப்பாதை சக்கர நாற்காலிக்காரர்களுக்காக வந்தது, தடி ஊன்றுகிறவர்களுக்கும் உதவும். பெசன்ட் நகர் கடற்கரையில் மணல் குறைவு, பக்கத்திலேயே அஷ்டலட்சுமி கோயில். ஆனால் மெரினாவில் அவர்கள் பார்க்க விரும்புவது கடலாக இல்லாமலும் இருக்கலாம். எங்கள் அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். சமாதி. கல்லில் காதை வைத்தால் அவருடைய கைக்கடிகாரம் ஓடுவது கேட்கும் என்ற நம்பிக்கை 1987க்குப் பிறகு ஊர் ஊராகப் பரவியது. அம்மாவும் குனிந்து காதை வைத்தார். "கேட்டுதா ஆச்சி?" என்றாள் என் மகள். "கூட்டம் பேசுத சத்தத்துல எங்கட்டி கேக்கும்" என்றார். நம்பிக்கையைத் திருத்துவதற்கு அது இடமல்ல.

காசில்லாத ஒரு மகிழ்ச்சி மாநகரப் பேருந்து. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, எந்த ஊர்க்காரராக இருந்தாலும். கூட்டமில்லாத நடுமதியத்தில் முன்பக்கம் பிங்க் வண்ணம் அடித்த வண்டியில் ஏற்றிவிடுங்கள். அப்பாவுக்கு டிக்கெட், அம்மாவுக்கு இல்லை. அந்த ஒரு வேறுபாட்டை வைத்து ஒரு வாரம் பேச்சு ஓடும். மெட்ரோவும் நல்லது. மீனம்பாக்கம் பக்கம் மேலே போகும்போது ஜன்னல் வழியாக விமானம் தெரியும். எஸ்கலேட்டரில் மட்டும் ஏற்ற வேண்டாம், எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது.

வண்டலூர் பெரிய இடம், பேட்டரி வண்டியில் சுற்றுவதானால் மட்டும் போங்கள். செவ்வாய் விடுமுறை. எழும்பூர் மியூசியம் வெள்ளி விடுமுறை. மால் வேண்டாம்.

திருப்பதி என்று கேட்பார்கள். 65 வயதானவர்களுக்கு அங்கே தனி ஒதுக்கீடு உண்டு, இணையத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பத்து நாள் பயணத்தில் அதைச் சேர்த்தால் போக ஒரு நாள், வர ஒரு நாள், களைப்பு தீர ஒரு நாள். அடுத்த வருகைக்கு அதை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யார் வீட்டுக்கு முதலில்

இந்தப் பகுதியில் தவறு செய்தால் பத்து வருஷம் பேச்சு இருக்கும்.

சென்ற முறை பார்த்ததற்குப் பிறகு எந்த வீட்டிலாவது சாவு விழுந்திருந்தால், அந்த வீடுதான் முதல். துஷ்டி கேட்காமல் மற்ற வீடுகளில் சிரித்துப் பேசிவிட்டு, ஏழாம் நாள் அங்கே போய் நிற்கக்கூடாது. செவ்வாய், வெள்ளியில் போவதில்லை. கிளம்பும்போது "போயிட்டு வாரோம்" என்று சொல்வதில்லை. இது பிள்ளைகளுக்குத் தெரியாது, வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கிருந்து நேரே இன்னொரு வீட்டுக்குப் போவதையும் அம்மா ஒப்புக்கொள்ளமாட்டார். அன்றைக்கு அந்த ஒரு வீடுதான்.

அடுத்து, நடக்க முடியாமல் படுக்கையில் இருக்கும் மூத்தவர்கள். அதற்கடுத்துச் சம்பந்தி வீடு, அதாவது உங்கள் மனைவியின் பெற்றோர். ஒரே ஊரில் இருந்தால் அவர்களே வந்து அழைத்துவிட்டுப் போகட்டும். அழைக்காமல் நீங்களாகக் காரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினால் இரண்டு பக்கமும் சங்கடம். உங்கள் மாமனாரிடம் ஒரு வார்த்தை முன்னால் சொல்லி வைப்பது மருமகன் கடமை.

பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கல்யாணப் பத்திரிகை நேரில் வைக்கவில்லை, சடங்கில் மாமன் முறையை வேறொருவர் செய்துவிட்டார் என்று ஏதோ ஒன்று. யாரோடு என்ன என்பது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "போவோம், நானும் எத்தனை வருஷத்துக்கு வச்சுக்கிட்டு இருக்கது" என்று அவரே சொன்னால் உடனே வண்டியை எடுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

ஒரு மாலைக்கு ஒரு வீடு. தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு. எல்லா வீட்டிலும் காப்பி, எல்லா வீட்டிலும் இனிப்பு. மறுத்தால் வருத்தம், குடித்தால் மறுநாள் காலை சர்க்கரை ஏறி நிற்கும். போகுமுன் போனில் நீங்களே, "சீனி போடாமக் குடுங்க, வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது பாதியைக் கேட்கமாட்டார்கள், முதல் பாதியைக் கேட்பார்கள்.

கையை வீசிக்கொண்டு போகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. ஊரிலிருந்து வந்த பைகளில் கருப்பட்டி, கூழ்வற்றல், முருங்கைக்காய், தேங்காய் எல்லாம் இருக்கும். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று அம்மா கிளம்பும்போதே மனசுக்குள் பங்கு போட்டிருப்பார். "இதெல்லாம் இங்கேயே கிடைக்குதே, எதுக்குச் சுமந்துட்டு வந்தீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். வங்கியில் புது ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். போகிற வீட்டுக் குழந்தைகள் கையில் வைக்க அம்மாவின் சுருக்குப்பைக்கு அது வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களிடம் பணம் வாங்கலாமா கூடாதா என்பதையும் ஒரே முறை முடிவு செய்துவிடுங்கள். ஒரு வீட்டில் கண்ணை உருட்டி, இன்னொரு வீட்டில் "வாங்கிக்கோ" என்றால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

எல்லாரும் ஒரு நாள்

எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பது பட்டியலைப் பார்த்ததும் தெரியும். மீதிப் பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்துக்கு வரவழையுங்கள். முதல் ஞாயிறு வேண்டாம், பயணக் களைப்பு இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாளும் வேண்டாம். நடுவில் வரும் ஞாயிறு. இதை வைத்துக்கொண்டு மூத்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் விட்டுவிடக்கூடாது. "அவங்கதான் அங்க வந்திருந்தாங்களே" என்ற கணக்கு செல்லாது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள ஹால் போதும். மொட்டை மாடி அழகுதான், ஆனால் கழிப்பறைக்கு இரண்டு மாடி இறங்கவேண்டும். கைவைத்த நாற்காலிகள் பத்தாவது இருக்கட்டும், கையை ஊன்றித்தான் அவர்களால் எழ முடியும். பக்கத்து அறையில் ஒரு கட்டில், சாப்பாட்டுக்குப் பின் சாய்ந்துகொள்ள. மைக், ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். காது மந்தமானவர்களுக்கு இரைச்சலில் எதிரே இருப்பவர் பேசுவதும் கேட்காது.

பஃபே வேண்டாம். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால் பெரியத்தை சாப்பிடாமலே இருந்துவிடுவார். மேசை போட்டு இலை போடுங்கள், பெரியவர்கள் முதல் பந்தியில். நாற்பது பேருக்கு ஐந்து கிலோ அரிசி சரியாக இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் என்பதால் சொதி வைக்கச் சொன்னேன். முதல் ஆண்டு சமையல்காரர் தலையை ஆட்டிவிட்டு வெள்ளைக் குருமா மாதிரி ஒன்றை வைத்தார். பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் மோசம். அடுத்த முறை அம்மாவும் சித்தியும் அடுப்புப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தேங்காய்ப் பாலை மூன்று முறை பிழிந்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, பொங்குவதற்குள் இறக்கவைத்தார்கள். கூட இஞ்சிப் பச்சடி. சொதியைச் சூடு பண்ணினால் திரிந்துவிடும். பந்தி நேரத்தை முடிவு செய்துவிட்டு இறக்குங்கள்.

குழுப்படத்தை சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். சாப்பிட்டபின் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஊரிலிருந்து வரும்போது பழைய போட்டோக்களைக் கொண்டுவரச் சொல்லி, அன்று சுற்றுக்கு விட்டு, யார் யார் என்று பின்பக்கம் பென்சிலில் எழுதி வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் என் மகள் ஒரு சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி வம்சத்தை எழுத ஆரம்பித்தாள். அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். பாட்டன், பூட்டன், அவருடைய அப்பா என்று நாலு தலைமுறை ஆண்கள் மளமளவென்று வந்தார்கள். "அவங்க பொண்டாட்டி பேரு தாத்தா?" என்று கேட்டாள். அப்பா நின்றுவிட்டார். அவருடைய அப்பாவின் அம்மா பெயர் அவருக்குத் தெரியவில்லை. "ஆச்சின்னுதான் கூப்பிடுவோம்" என்றார். நாற்காலியில் இருந்த பெரியத்தை அங்கிருந்தே பெயரைச் சொன்னார். அதோடு அந்த ஆச்சியுடன் பிறந்த இரண்டு பெண்கள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்பதையும். பென்சிலை அத்தைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டாள் மகள். மதியம் மூன்று மணிக்குள் தாளில் பெண்கள் பெயர்தான் அதிகம். உங்கள் வீட்டில் இதைச் செய்வதானால் முதலில் அத்தைகளிடம் போங்கள்.

அன்றைக்குச் சொத்துப் பேச்சை எடுக்க விடாதீர்கள். பட்டா மாற்றம், பாகப்பிரிவினை, வீட்டுச் சுவர் எதுவானாலும் போனில் பேசிக்கொள்ளலாம். யாராவது ஆரம்பித்தால் பாயசத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள்.

கிளம்பும் நாள்

அன்றைக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். மாத்திரைப் பெட்டி, கண்ணாடி, பல்செட், போன் சார்ஜர், இந்த நாலும் பெட்டிக்குள் போய்விட்டதா என்று மாலையில் நீங்களே பாருங்கள். வீடு வீடாகக் கொடுத்துவிட்ட சேலையும் ஸ்வீட் பெட்டியும் பழைய துணிமணியும் சேர்ந்து, வரும்போது நாலு பையாக இருந்தது போகும்போது ஏழாக இருக்கும். தாம்பரத்தில் வண்டி நிற்கும் ஓரிரண்டு நிமிடத்தில் ஏழு பையையும் இரண்டு வயதானவர்களையும் ஏற்ற முடியாது. வீடு தாம்பரத்தில் இருந்தாலும், வண்டி புறப்படும் நிலையத்துக்கே அழைத்துப்போய் ஏற்றிவிடுங்கள்.